தூக்கம் திருடும் ராணியின் ஊர்!

நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து, மூஞ்சியெல்லாம் கரியோடு சில தொழிலாளிகள் குளிக்கப் போகிறார்கள். குளியல் ரூமில் ஆவி பறக்கிறது. திடீரென்று ஒரு புகை சூழ... எல்லாரும் மயங்கி விழுகிறார்கள். எழுந்து வெளியே வரும்போது கழுத்தில் சிவப்பாக ஒரு அடையாளம். கண்ணில் கொலைவெறி. எதிரே வந்தவரை அடிக்கிறார்கள், கண்ணில் பட்ட மிஷினைப் போட்டு உடைக்கிறார்கள்.

பேய்ப்படம் என்று நினைத்துவிடாதீர்கள் பாஸ். இது ‘டாக்டர் ஹூ’. 1963 நவம்பர் 23-ம் தேதி பி.பி.சி-யில் தொடங்கிய சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரியல். நீல கலர் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறி, காலத்தில் முன்னும் பின்னும் சுற்றுகிற ‘டாக்டர்’தான் ஹீரோ. (எம்.பி.பி.எஸ். டாக்டர் இல்லை. வேற்றுக்கிரகவாசி!) குழந்தைகளுக்குச் சரித்திரமும் சயின்ஸும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஆரம்ப கால ஐடியா. அதனால்தான் முதல் கதையில் டாக்டரோடு பயணம் போகிற இரண்டு வாத்தியார்களில் ஒருவர் ஹிஸ்டரி, இன்னொருவர் சயின்ஸ். அந்த முதல் கதையை டைரக்ட் செய்த வாரிஸ் ஹுசைன் பிறந்தது நம்ம லக்னோவில் என்பது எக்ஸ்ட்ரா தகவல்.

நான் சொல்ல வந்த கதையின் பெயர் ‘தி மார்க் ஆஃப் தி ராணி’. 1985 பிப்ரவரி 2, 9 தேதிகளில் இரண்டு எபிசோடாக வந்தது. ஆமாம், ராணி என்றால் நம்ம ராணியேதான். அதுதான் வில்லியின் பெயர். டாக்டரின் கிரகத்துக்காரி, கெமிஸ்ட்ரியில் புலி. கேட் ஓ’மாரா என்ற நடிகை பின்னியிருப்பார். அவர் 2014-ல் காலமானார். 2025-ல் ராணி திரும்பி வந்தபோது, அந்தப் பாத்திரத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஆர்ச்சி பஞ்சாபி. நம்ம ஊர்ப் பெயர், இந்திய வம்சாவளி நடிகையிடம் போய்ச் சேர நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது!

ராணியின் பிரச்னை சிம்பிள். ஒரு கிரகத்தை ஆண்டுகொண்டிருக்கிறாள். அங்கே இருக்கிற ஜனங்களை ஷார்ப் ஆக்குகிறேன் என்று ஒரு எக்ஸ்பெரிமென்ட் செய்கிறாள். அது சொதப்பி, அவர்களுக்குத் தூக்கமே இல்லாமல் போய்விடுகிறது. தூங்காத ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஒரே ரகளை. அதனால் பூமிக்கு வந்து, மனுஷங்க மூளையில் தூக்கத்தை வரவழைக்கிற ரசாயனத்தை உறிஞ்சி எடுத்துப் போகிறாள். ரசாயனம் போன ஆளுக்குத் தூக்கம் போச்சு, நிதானம் போச்சு. செமஸ்டருக்கு முந்தின வாரம் ஹாஸ்டல் காரிடாரில் நடந்து பார்த்திருந்தால் உங்களுக்கு இது சட்டென்று புரியும்.

கதை நடக்கிற இடம், இங்கிலாந்தின் வடகிழக்கில் கில்லிங்வொர்த் என்ற சுரங்க கிராமம். காலம், 1800-களின் ஆரம்பம். ரயில் இன்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சன் அங்கே ஒரு கேரக்டராகவே வருகிறார். ஆனால் கேமரா ஓடியது கில்லிங்வொர்த்தில் இல்லை. அங்கிருந்து ரொம்பத் தெற்கே, ஷ்ராப்‌ஷயர் ஜில்லாவில், அயன்பிரிட்ஜ் என்ற பள்ளத்தாக்கில். அங்கேதான் உங்களைக் கூட்டிப் போகப் போகிறேன். வாங்க!

வுல்வர்ஹாம்ப்டனில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருக்கும் எங்க சித்தப்பா, செமஸ்டர் லீவுக்கு டிக்கெட் போட்டுக் கூப்பிட்டிருந்தார். கதையின் டி.வி.டி. அவர் ஷெல்ஃபில் இருந்ததுதான். “ஏன்டா, ஊரே லண்டன் கண்ணு, மெழுகு பொம்மைன்னு ஓடுது. நீ என்னடான்னா பழைய பாலத்தைப் பாக்கணும்ங்கற?” என்று சிரித்தார். “மெக்கானிக்கல் படிக்கிற புள்ள சித்தப்பா. எனக்கு இதுதான் கோயில்” என்றேன். சித்தி எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

வுல்வர்ஹாம்ப்டனில் ரயில் ஏறினால் இருபது நிமிஷ சொச்சத்தில் டெல்ஃபோர்ட். பாலம், சாலை, கால்வாய் என்று பிரிட்டனையே கட்டிப்போட்ட சிவில் இன்ஜினீயர் தாமஸ் டெல்ஃபோர்டின் பெயரை 1968-ல் இந்தப் புது நகரத்துக்கு வைத்தார்கள். ஒரு இன்ஜினீயர் பெயரில் முழு ஊர்! (சிவில் பசங்க காலரைத் தூக்கிக்கலாம்.) அங்கிருந்து பஸ்ஸில் இறங்கு முகமாகப் போனால் மரங்கள் அடர்ந்து, ரோடு வளைந்து, கீழே செவர்ன் நதி தெரிய ஆரம்பிக்கிறது. அப்புறம்... அது.

போட்டோவில் பார்த்தால் சின்னப் பாலம் மாதிரிதான் இருக்கும். நேரில் அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 100 அடிக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் சுமார் 380 டன் வார்ப்பு இரும்பு. 1,700-க்கும் அதிகமான துண்டுகள். 1779-ல் தூக்கி நிறுத்தி, 1781 புத்தாண்டு அன்று திறந்தார்கள். உலகத்தின் முதல் பெரிய இரும்புப் பாலம். இப்போது கறுஞ்சிவப்பு நிறத்தில் இருக்கிறது. பழைய பெயின்ட்டை ஆராய்ந்து பார்த்து, ஆரம்பத்தில் இந்த நிறம்தான் என்று கண்டுபிடித்து, 2018-ல் முடிந்த பராமரிப்பில் அப்படியே அடித்துவிட்டார்கள்.

அடியில் நின்று மூட்டுகளைக் கவனித்தால் சிரிப்பு வரும். எல்லாம் தச்சு வேலை! ஒரு துண்டில் துளை, இன்னொன்றில் நாக்கு, நடுவில் ஆப்பு. மரக்கட்டில் செய்கிற ஆசாரி எப்படி மூட்டுவாரோ, அப்படியே இரும்பில் மூட்டியிருக்கிறார்கள். ஏன் தெரியுமா? அதற்கு முன்னால் இவ்வளவு பெரிதாக இரும்பில் யாரும் பாலம் கட்டியதில்லை. இரும்பை எப்படி இணைப்பது என்பதற்குப் பாடப் புத்தகம் இல்லை. தெரிந்த கைவேலை மரவேலைதான். புது மெட்டீரியல், பழைய கை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரை முட்டி மோதி க்ளியர் பண்ணின எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

பாலத்தின் டிசைன் தாமஸ் ஃபார்னல்ஸ் பிரிச்சர்ட் என்ற ஆர்க்கிடெக்ட் போட்டது. பாவம், 1777-லேயே இறந்துவிட்டார். இரும்பை வார்த்துக் கட்டி முடித்தவர் மூன்றாம் ஏப்ரஹாம் டார்பி. எஸ்டிமேட் சுமார் 3,200 பவுண்ட், செலவானது சுமார் 6,000 என்கிறார்கள். மிச்சத்தை டார்பியே சுமந்து ஆயுசு முழுக்கக் கடனில் கிடந்தார். அவருடைய தாத்தா முதலாம் டார்பி 1709-ல் இதே பள்ளத்தாக்கில், கோல்புரூக்டேல் என்ற இடத்தில், மரக்கரிக்குப் பதில் கோக் போட்டு இரும்பு உருக்கிக் காட்டியவர். காடு காடாக மரம் வெட்டாமலே இரும்பு கிடைக்கும் என்றான பிறகு மற்றது எல்லாம் அடுத்தடுத்து நடந்தது. அந்த உலையை இன்றைக்கும் பார்க்கலாம்.

தென்கரையில் சுங்கச்சாவடி வீடு இருக்கிறது. அதில் கட்டணப் பலகை. மாடு, குதிரை, வண்டி என்று வரிசையாக ரேட். கீழே, டியூட்டியில் இருக்கிற சிப்பாயும் கட்டணும், ராஜ குடும்பமே வந்தாலும் கட்டணும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் டோல்கேட்டில் கார்டு நீட்டுகிற அண்ணன்களுக்கு இதை டெடிகேட் செய்கிறேன்.

ஆற்றின் மேல்பக்கம் 2019 டிசம்பர் 6-ம் தேதி வரைக்கும் நாலு பிரம்மாண்டக் கூலிங் டவர்கள் நின்றன. நிலக்கரி மின் நிலையத்துடையவை. கண்ணை உறுத்தாமல் இருக்க கான்க்ரீட்டிலேயே சிவப்புப் பொடி கலந்து, மண் நிறத்தில் கட்டியிருந்தார்களாம். அன்று காலை வெடி வைத்து நாலையும் ஒன்றாகச் சாய்த்துவிட்டார்கள். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமும் 2024 செப்டம்பர் 30-ம் தேதி மூடப்பட்டது. நிலக்கரி யுகம் கண் திறந்த பள்ளத்தாக்கிலேயே அது கண் மூடியதையும் பார்க்க முடிகிறது. எனக்கு அந்த வெற்றிடத்தைப் பார்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

பாலத்திலிருந்து ஆற்றோரமாக முக்கால் மணி நேரம் நடந்தால் பிளிஸ்ட்ஸ் ஹில். ராணியின் ஊர் இதுதான்!

ஒரு காலத்தில் நிஜமாகவே சுரங்கம், செங்கல் சூளை, இரும்பு உலை எல்லாம் இருந்த இடம். கடைசி உலை 1912-ல் அணைந்தது. பிறகு காடு மண்டிக் கிடந்ததைச் சுத்தம் செய்து, 1973-ல் திறந்தவெளி மியூசியமாக்கினார்கள். 1900-ம் வருஷத்துச் சின்ன டவுன் எப்படி இருந்திருக்குமோ, அப்படி ஒரு தெரு. உள்ளே போனதும் பேங்க். நம் காசைக் கொடுத்தால் அந்தக் காலக் காசாக மாற்றித் தருவார்கள். மெழுகுவர்த்தி செய்கிறவர், மருந்துக் கடைக்காரர், இரும்பு வார்ப்பவர்... எல்லாரும் அந்தக் கால உடுப்பில். “சார், வைஃபை பாஸ்வேர்ட்?” என்று ஒரு பையன் கேட்டதற்கு, கடைக்காரம்மா கடைசி வரை புரியாத மாதிரியே நின்றது செம நடிப்பு.

கோடியில் ‘ஹே இன்க்ளைன்’ என்று ஒரு சரிவு. மலை மேலே ஒரு கால்வாய், கீழே ஆற்றோரம் ஒரு கால்வாய். நடுவில் 63 மீட்டர் உயர வித்தியாசம். படகை எப்படி இறக்குவது? படகையே தொட்டிலில் வைத்து, தண்டவாளத்தில் இறக்கிவிட்டார்கள். இறங்குகிற படகின் எடையே இன்னொரு படகை மேலே இழுக்கும். நாலே நிமிஷத்தில் வேலை முடியும். 1790-களில்! தண்டவாளம் இன்னும் சரிவில் கிடக்கிறது. அதன் உச்சியில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன்.

1984-ன் கடைசி மாதங்களில் டாக்டர் ஹூ கோஷ்டி இங்கே வந்து இறங்கியது. மழை விடாமல் அடித்து ஷெட்யூலைக் கெடுத்ததில், சில காட்சிகளை லண்டன் பக்கம் ஒரு காட்டில் போய் எடுக்க வேண்டியிருந்தது. இருந்தும் படத்தில் செங்கலும் சேறும் மூடுபனியும் அவ்வளவு நிஜமாக இருக்கும். ஸ்டூடியோ அட்டைச் சுவர்களுக்குப் பேர்போன பழைய டாக்டர் ஹூவில் இது அபூர்வம். கலர் கலராக ஒட்டுப்போட்ட கோட்டோடு கோலின் பேக்கர் இந்தத் தெருவில் ஓடியதைக் கற்பனை செய்து பாருங்கள். கூட ஓடுகிற பெரி, பாட்டனி படிக்கிற காலேஜ் ஸ்டூடண்ட். கதையில் ஒரு கண்ணிவெடி வருகிறது. மிதித்தால் ஆள் சாக மாட்டான், மரமாகிவிடுவான்! அப்படி மரமான ஒரு பையன், கிளையை நீட்டி பெரியைக் காப்பாற்றுவான். அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தால் உங்களுக்குப் பெரிய மனசு.

சிரித்து முடித்தபின் எனக்கு உறுத்தியது வேறு.

கதையில் மிஷினை உடைக்கிறவர்களைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் ‘லட்டைட்’ என்கிறார்கள். எங்க காலேஜ் ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்கில் க்ரூப் டிஸ்கஷன் வைத்தபோது, நான் “ஏ.ஐ. வந்தா எங்க சீனியருங்க வேலை என்னாகும்?” என்று ஆரம்பித்ததுமே எதிரே இருந்தவன், “டேய், லட்டைட் மாதிரி பேசாத” என்று மடக்கினான். எல்லாரும் சிரித்தார்கள். டெக்னாலஜியைக் கண்டு பயப்படுகிற பட்டிக்காட்டான் என்று அர்த்தம். அதையேதான் இந்தக் கதையும் ஒரு படி மேலே போய்ச் செய்கிறது. மிஷினை உடைக்கிறவனுக்குக் கழுத்தில் ஒரு அடையாளம், மூளையில் ஒரு கெமிக்கல் குறைச்சல். ‘ஏம்ப்பா உடைக்கிற?’ என்று அவனைக் கேட்கவே வேண்டியதில்லை. வைத்தியம் பார்த்தால் போதும்!

நிஜ லட்டைட்கள் யார்? முதலில், அவர்கள் சுரங்கத் தொழிலாளிகளே இல்லை. நாட்டிங்ஹாம்ஷயர், யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கத்துத் துணித் தொழிலாளிகள். 1811-ல் ஆரம்பித்தார்கள். நெட் லட் என்ற ஆளில்லாத தலைவன் பெயரில் முதலாளிகளுக்கு மிரட்டல் கடிதம் போட்டார்கள். அவர்கள் மிஷினைக் கண்டு மிரண்டவர்களும் இல்லை. காலுறை பின்னும் ஃப்ரேம், 1589-லேயே வந்தது. அவர்களுக்கு அது தாத்தா காலத்து மிஷின். தினமும் அதில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்தான் அதை உடைத்தார்கள். அதுவும் கண்மூடித்தனமாக இல்லை. கூலியைக் குறைத்தவன், மட்டமான சரக்கு போட்டவன் வீட்டு ஃப்ரேமை உடைத்துவிட்டு, ஒழுங்காகக் கூலி கொடுத்தவன் ஃப்ரேமைத் தொடாமல் போயிருக்கிறார்கள். தூக்கம் கெட்டு வெறி பிடித்தவனுக்கு இந்த விவரமெல்லாம் இருக்குமா?

அரசாங்கத்தின் பதில் என்ன தெரியுமா? 1812-ல் ஒரு சட்டம். மிஷினை உடைத்தால் மரண தண்டனை. யார்க் நகரில் 1813 ஜனவரியில் மட்டும் 17 பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து பார்லிமென்ட்டில் பேசியவர் யார் என்று சொன்னால் கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். கவிஞர் லார்ட் பைரன்! பிரபுக்கள் சபையில் அவருடைய முதல் பேச்சே அதுதான், 1812 பிப்ரவரி 27. அவர் மகள்தான், பாபேஜின் கணக்கு மிஷினுக்கு 1843-ல் குறிப்பு எழுதிய அடா லவ்லேஸ். அப்பா, மிஷினை உடைத்தவர்களுக்காகப் பேசினார். மகள், இன்னும் கட்டி முடிக்காத மிஷினுக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டில் இரண்டும் முரணாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதையை எழுதிய பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதிக்கு ஒரு விஷயத்தில் சபாஷ் சொல்ல வேண்டும். ராணி கண்ட நேரத்தில் பூமிக்கு வர மாட்டாள். ட்ராய் யுத்தம், அமெரிக்க சுதந்திரப் போர் என்று ஏற்கெனவே அடிதடி நடக்கிற காலமாகப் பார்த்துத்தான் வருவாள். அப்போதுதான் இவள் கிளப்பிவிடுகிற ரகளை தனியாகத் தெரியாது. அதாவது ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு கோபம் இருந்தது என்று கதைக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்க்காதது ஏன் உறுத்துகிறது என்றால், தேதியைக் கவனியுங்கள். 1984 மார்ச்சில் பிரிட்டனின் நிலக்கரித் தொழிலாளிகள் சுரங்கங்களை மூடாதே என்று ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், சம்பளம் இல்லாமல், ஏறத்தாழ ஒரு வருஷம். அவர்களுக்கும் போலீஸுக்கும் நடந்த மோதல்கள் டி.வி. நியூஸில் ஓடின. 1985 மார்ச் 3-ம் தேதி தோற்று முடித்தார்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், அதே டி.வி.யில், சனிக்கிழமை சாயந்திரம், வெறி பிடித்த சுரங்கத் தொழிலாளிகள் அடித்து நொறுக்குகிற கதை ஓடியிருக்கிறது! சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒரு சுரங்கக்காரர் வீட்டில், குழந்தைகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? கதையில் அந்த ஸ்ட்ரைக்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மியூசியத் தெருவில் ஒரு அச்சுக்கூடம் இருக்கிறது. உள்ளே ஈய எழுத்துகள், கட்டம் கட்டமாக மரப்பெட்டி. ஏப்ரன் போட்ட பெரியவர் ஒருவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஸ்டிக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்க அப்பா கம்பாசிட்டர். பதினெட்டு வயசில் ஒரு ப்ரெஸ்ஸில் சேர்ந்தவர். தமிழுக்கு அந்த ஆங்கிலப் பெட்டி மாதிரி கொஞ்சம் கட்டம் போதாது. கை வீசுகிற தூரத்துக்குக் கட்டங்கள். பார்க்காமலே கை போகுமாம். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரும் டி.டி.பி.யும் வந்தன. ஈயத்தையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். அப்பாவை பைண்டிங்குக்கு மாற்றினார்கள், பாதி சம்பளம். “மிஷின் மேல எனக்குக் கோபமே இல்லப்பா. என் கையெழுத்தை விட அழகா அடிக்குது. ஆனா எங்களைக் கூப்பிட்டு ஒரு மாசம் கத்துக் குடுத்திருந்தா நாங்களும் தட்டிருப்போம்ல?” என்பார். இதைச் சொன்னவரை லட்டைட் என்பீர்களா? இன்றைக்கும் ஆம்புலன்ஸ் நெற்றியில் திருப்பிப் போட்ட எழுத்தை, நேராக எழுதினதைப் படிக்கிற வேகத்தில் படிப்பார். அந்தத் திறமைக்கு இப்போது வேறு உபயோகம் கிடையாது.

அந்தப் பெரியவரிடம் என் அப்பாவும் இந்த வேலைதான் என்று சொன்னேன். ஸ்டிக்கை என் கையில் கொடுத்து, என் பெயரை அடுக்கச் சொன்னார். இடமிருந்து வலமாக, ஆனால் தலைகீழாக அடுக்க வேண்டும். ஆறு எழுத்துக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அச்சடித்துக் கொடுத்த சீட்டு பர்ஸில் இருக்கிறது.

சரி, நிஜ கில்லிங்வொர்த்? அது நியூகாஸில் நகரத்துக்குப் பக்கம். ரயில் டிக்கெட் விலையைப் பார்த்ததும் ஆசையை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் ஸ்டீபன்சனின் கதை, ராணியின் கதையைவிட சுவாரஸ்யம். 1781-ல் ஏழை சுரங்கக் குடும்பத்தில் பிறந்தார். பதினெட்டு வயசு வரை எழுதப் படிக்கத் தெரியாது. இரவுப் பள்ளியில்தான் கற்றுக்கொண்டார். 1811-ல், தண்ணீர் இறைக்க முடியாமல் மக்கர் செய்த சுரங்க பம்ப்பைப் பிரித்து மேய்ந்து ஓட வைத்தார். அடுத்த வருஷமே அங்கே இன்ஜின் பொறுப்பு. 1814-ல் ‘ப்ளூஹர்’ என்ற தன் முதல் ரயில் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். முப்பது டன் நிலக்கரியை ஏற்றத்தில், மணிக்கு நாலு மைல் வேகத்தில் இழுத்தது. பணம் போட்டவர் சர் தாமஸ் லிடெல். கதையில் இவரை லார்ட் ரேவன்ஸ்வொர்த் என்பார்கள். ஆனால் லட்டைட் காலத்தில் அவர் இன்னும் லார்ட் ஆகவில்லை, 1821-ல்தான் ஆனார். (இதையெல்லாம் கண்டுபிடித்துப் பெருமைப்படுவது இந்த சீரியல் ரசிகர்களின் வியாதி. எனக்கும் தொற்றிவிட்டது.)

1812-ல் அந்தப் பக்கத்து ஃபெலிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் செத்தார்கள். சுரங்கத்துக்குள் வெளிச்சத்துக்காகக் கொண்டுபோன நெருப்பே எமனாகிக்கொண்டிருந்த காலம். 1815-ல் ஸ்டீபன்சன் ஒரு பாதுகாப்பு விளக்கைச் செய்து, வாயு கசிகிற இடத்துக்குத் தானே எடுத்துப்போய் சோதித்தார். அதே சமயம் லண்டனில் சர் ஹம்ப்ரி டேவியும் ஒரு விளக்கு செய்தார். டேவி, பேர்பெற்ற விஞ்ஞானி. படிக்காத இன்ஜின்காரன் தானே கண்டுபிடித்தான் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. திருட்டுப் பட்டம் கட்டினார். டேவிக்கு 2,000 பவுண்ட் பரிசு கிடைத்தது. ஸ்டீபன்சனுக்கு ஊர்க்காரர்கள் ஆயிரம் பவுண்ட் திரட்டிக் கொடுத்தார்கள். கதையில், அந்தக் காலத்து மேதைகளை எல்லாம் ஸ்டீபன்சன் கில்லிங்வொர்த்துக்கு ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிடுவார். நிஜத்தில் அவர் கூப்பிட்டு டேவி வந்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இன்னொன்று. கில்லிங்வொர்த் கரி வண்டிப் பாதையின் அகலம் நாலடி எட்டங்குலம். பிறகு ஸ்டீபன்சன் போட்ட ரயில் பாதைகளுக்கும் அதே அளவு போனது. வளைவில் சக்கரம் இறுகாமல் இருக்க அரை அங்குலம் சேர்த்தார்கள். அதுதான் 1,435 மில்லிமீட்டர், உலகம் முழுக்க ஓடுகிற ஸ்டாண்டர்ட் கேஜ். நம்ம ஊர் எக்ஸ்பிரஸ் ரயிலெல்லாம் அதைவிட அகலமான பிராட்கேஜ். ஆனால் சென்னை மெட்ரோ ஸ்டாண்டர்ட் கேஜ்! ஆலந்தூரில் ஏறி சென்ட்ரலில் இறங்குகிறீர்களே, அந்தப் பாதையின் அளவு கில்லிங்வொர்த் கரி வண்டியிலிருந்து வந்தது. அடுத்த தடவை ப்ளாட்ஃபாரத்தில் நிற்கும்போது தண்டவாளத்தை ஒரு பார்வை பாருங்கள். (கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று!)

போக ஐடியா இருக்கிறவர்களுக்கு: பர்மிங்காம் அல்லது வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து டெல்ஃபோர்ட் சென்ட்ரலுக்கு ரயில். பாலத்தின் மேல் நடக்க இப்போது காசு கிடையாது, 1950-லேயே சுங்கத்தை நிறுத்திவிட்டார்கள். 1934 முதல் வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. பிளிஸ்ட்ஸ் ஹில்லுக்கு டிக்கெட் உண்டு, முழு நாள் ஒதுக்குங்கள். பஸ் குறைவு, திரும்புகிற நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடமும் ஏற்ற இறக்கம், நல்ல ஷூ முக்கியம். குடையும் முக்கியம். டாக்டரையே நனைத்து அனுப்பிய ஊர் அது.

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அச்சுச் சீட்டை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்தில் போன். “நாலாவது எழுத்து சரியா உக்காரல. ஸ்டிக்கை டைட்டா புடிக்கணும்டா” என்றார்.